டென்னசியுடன் ஆட ஏன் மறுத்தீர்கள்? நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் லிங்கன் வளாக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர்களுக்கும்,

2026, 2027 ஆகிய இரு ஆண்டுகளிலும் டென்னசி பல்கலைக்கழகத்துடன் ஆடுவதாக ஒப்புக்கொண்டிருந்த இரண்டு அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களை 2025 பிப்ரவரியில் ரத்து செய்தீர்கள். முதல் ஆட்டம் நம் லிங்கனிலும் இரண்டாவது ஆட்டம் அவர்களுடைய நாக்ஸ்வில்லிலும் நடந்திருக்க வேண்டும். அவற்றுக்குப் பதிலாக பௌலிங் கிரீன், ஒஹாயோ மாநிலத்து மயாமி என்னும் இரண்டு சிறிய அணிகள் நம் மைதானத்துக்கு வரும் என்று அறிவித்தீர்கள். அரங்கத்தைப் புதுப்பிக்கும் பணியால் இருக்கைகள் குறையக்கூடும் என்றும், அந்த வருவாய் இழப்பை ஈடுகட்ட உள்ளூரில் கூடுதலாக ஓர் ஆட்டம் வேண்டும் என்றும் காரணம் சொன்னீர்கள். கட்டுமானப் பணிதான் தடை என்றால் ஆட்டங்களைத் தள்ளி வைத்திருக்கலாம். கல்லூரிக் கால்பந்தில் ஆட்டங்களைப் பல ஆண்டுகள் தள்ளி வைப்பது வாடிக்கைதான். நீங்கள் தள்ளி வைக்கவில்லை, கைகழுவிவிட்டீர்கள். டென்னசி தரப்பு தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகவே சொன்னது. நம் மாநிலத்து ரசிகர்களின் ஏமாற்றத்தை உங்களிடம் சொல்ல வேண்டியிருப்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

டென்னசி நமக்கு யாரோ ஓர் அணி அன்று. 1998 ஜனவரியில், பருவ முடிவில் தேர்ந்த அணிகள் ஆடும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு பௌலில், பெய்ட்டன் மானிங் வழிநடத்திய டென்னசியை 42-17 என்று வென்றுதான் டாம் ஆஸ்போர்ன் தம் 25 ஆண்டுக் காலப் பயிற்சியாளர் பணியை நிறைவு செய்தார். மிச்சிகனுடன் பகிர்ந்துகொண்ட அந்தப் பருவத்துத் தேசியப் பட்டம் நம்முடைய ஐந்தாவது பட்டம். இன்றுவரை கடைசிப் பட்டமும் அதுவே. ஈராண்டு கழித்து ஃபியெஸ்டா பௌலில் அதே அணியை 31-21 என்று மீண்டும் வென்றோம். 2016 டிசம்பரில் மியூசிக் சிட்டி பௌலில் 38-24 என்று அவர்கள் நம்மை வென்றார்கள். அதன் பிறகு ஏழு பருவங்கள் நாம் எந்த பௌல் ஆட்டத்திலும் ஆடவே இல்லை. நாம் எங்கே இருந்தோம், எங்கே வந்து நிற்கிறோம் என்று அளந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான எதிரணி கிடைக்காது. அந்த அளவுகோலைத்தான் தூக்கி எறிந்திருக்கிறீர்கள்.

என்னைப் பற்றி மிகச் சுருக்கமாக. தமிழ்நாட்டிலிருந்து பொறியியல் முதுகலை படிக்க லிங்கனுக்கு வந்து, படிப்பு முடிந்து இங்கேயே வேலை பார்த்துக் குடியுரிமை பெற்றவன் நான். உங்கள் எட்டு இடங்களையும் மாவட்டவாரியாக வாக்காளர்களே நிரப்புகிறோம் என்பதால், ரசிகனாக மட்டுமல்லாமல் வாக்காளனாகவும் இதை எழுதுகிறேன். ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். இந்தத் தமிழ் வடிவம், சனிக்கிழமைதோறும் சிவப்புச் சட்டையுடன் பிள்ளைகளை அனுப்பும் லிங்கன், ஒமாஹா தமிழ்க் குடும்பங்கள் படித்து என்னுடன் வாதிடுவதற்காக. இந்த மடலில் கால்பந்து என்று நான் சொல்வதெல்லாம், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தையே என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் துறை சார்பில் கடந்த 20 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. காலம் மாறிவிட்டது, விதிகள் மாறிவிட்டன, ஏறத்தாழ 20 லட்சம் பேரே உள்ள ஒரு சோள வயல் மாநிலத்தால் டெக்சாசோடும் புளோரிடாவோடும் இனிப் போட்டியிட முடியாது என்பதே அது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1973க்கு முன் ஒரு பல்கலைக்கழகம் எத்தனை வீரர்களுக்கு வேண்டுமானாலும் உதவித்தொகை கொடுத்து அணியில் வைத்துக்கொள்ளலாம். பிறகு அது 105 ஆகி, 95 ஆகி, 1994இல் 85 ஆயிற்று. 1984இல் உச்ச நீதிமன்றம் ஓக்லஹோமா பல்கலைக்கழக வழக்கில் அளித்த தீர்ப்பால் தொலைக்காட்சி உரிமம் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பின் கையிலிருந்து நழுவியது. நாளடைவில் எல்லா அணிகளின் ஆட்டங்களும் எல்லா வீடுகளிலும் தெரியத் தொடங்கின. 1996இல் நாம் இருந்த பிக் எயிட் கூட்டமைப்பு டெக்சாஸ் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துக்கொண்டு பிக் 12 ஆனபோது, மதிப்பெண் தகுதியை முழுமையாக எட்டாத மாணவர்களைச் சேர்ப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. ஓக்லஹோமாவுடன் ஆண்டுதோறும் ஆடிவந்த வழக்கமும் முறிந்தது. 2011இல் நாம் பிக் டென் கூட்டமைப்புக்கு மாறினோம். அதன் பின் டெக்சாசில் ஆடும் வாய்ப்பு அரிதாகி, அந்த மாநிலத்துப் பள்ளி வீரர்களை ஈர்ப்பதும் கடினமாயிற்று.

ஆனால் இந்தப் பட்டியலில் ஓர் ஆண்டைக் கவனித்துப் பாருங்கள். உதவித்தொகை 85க்குச் சுருங்கிய அதே 1994இல்தான் ஆஸ்போர்ன் தம் முதல் தேசியப் பட்டத்தை வென்றார். 1995இல் மீண்டும் வென்றார். ஃபியெஸ்டா பௌலில் புளோரிடாவை 62-24 என்று நொறுக்கிய அந்த அணியைக் கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த அணி என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். 1997இல் மூன்றாவது பட்டம். அவருடைய கடைசி ஐந்து பருவங்களில் 60 வெற்றி, மூன்றே தோல்வி. விதி இறுகிய காலத்தில்தான் நாம் உச்சத்தில் இருந்தோம் என்றால், விதியை மட்டும் குற்றம் சொல்லி எப்படித் தப்பிக்க முடியும்?

அந்த உச்சத்துக்குக் காரணம் இருந்தது. உதவித்தொகை இல்லாமல் தாமே வந்து சேரும் வாக்-ஆன் மாணவர்கள் நம் அணியில் குவிந்திருந்தார்கள். சிறிய கல்லூரிகள் முழு உதவித்தொகை தருகிறோம் என்று அழைத்தும் போகாமல், அப்பாவின் பண்ணை வருமானத்தில் கட்டணம் கட்டி லிங்கனில் படித்து, மூன்று ஆண்டுகள் பயிற்சியில் மட்டும் அடி வாங்கி, நான்காம் ஆண்டில் முன்வரிசைக்கு வந்தவர்கள் அவர்கள். மற்ற அணிகள் பெரும்பாலும் 85 உதவித்தொகை வீரர்களையே நம்பியிருந்தபோது நம்மிடம் அதைவிட எத்தனையோ பேர் இருந்தார்கள். பயிற்சியில் ஒரே நேரத்தில் பல குழுக்களை ஓட விட முடிந்தது. 1969இல் பாய்ட் எப்லியை உடற்பயிற்சிக்கென்றே நியமித்து, எடைப் பயிற்சியை ஓர் அறிவியலாக வளர்த்த முதல் கல்லூரி அணிகளில் ஒன்று நாம். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் விரும்பாத ஓர் ஆட்டமுறையை நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஆட்டமுறையைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். ஆப்ஷன் எனப்படும் அந்த ஆட்டத்தில், தாக்குதலை வழிநடத்தும் வீரரான குவாட்டர்பேக் பந்தோடு வரிசையின் ஓரத்தை நோக்கிப் பக்கவாட்டில் ஓடுவார். எதிரணியில் ஒரு தடுப்பாளரை மட்டும் வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். அவர் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தால் பந்து வெளிப்பக்கம் ஓடிவரும் சக வீரரின் கைக்குப் போய்விடும். அவரை நோக்கிப் போனால் குவாட்டர்பேக் தாமே உள்ளே புகுந்து ஓடிவிடுவார். அந்தத் தடுப்பாளர் எதைச் செய்தாலும் தவறுதான். நம் குவாட்டர்பேக் டாமி ஃப்ரேசியர் இதை ஆடிய விதத்தைப் பழைய ஒளிப்பதிவுகளில் பார்த்து வாய்பிளந்தவன் நான். தொழில்முறை அணிகளில் இந்த ஆட்டத்துக்கு இடமில்லை என்பதால் பெரிய பெயர் பெற்ற பள்ளி வீரர்கள் இதைத் தேடி வர மாட்டார்கள். ஆகவே, மற்றவர்கள் கண்டுகொள்ளாத, ஆனால் இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்த வீரர்களை நாம் போட்டியில்லாமல் எடுத்துக்கொள்ள முடிந்தது. மக்கள்தொகை குறைந்த மாநிலத்துக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி இருந்திருக்க முடியாது.

இவை எதையும் எந்த விதியும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை. நாமே விட்டுக்கொடுத்தோம், அதற்கு ஒரு தேதியும் உண்டு.

2003 நவம்பர் 28 அன்று கொலராடோவை 31-22 என்று வென்றோம். மறுநாள் பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச் பதவி நீக்கப்பட்டார். ஆறு பருவங்களில் 58 வெற்றி, 19 தோல்வி. ஈராண்டுக்கு முன்புதான் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம்வரை அணியை அழைத்துச் சென்றவர். நீக்கப்பட்ட அந்தப் பருவத்திலும் ஒன்பது வெற்றி. அணி சராசரித்தனத்தில் சரிந்துபோவதை அனுமதிக்க மாட்டேன் என்று அன்றைய விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பீடர்சன் காரணம் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை எங்கள் ஆய்வகத்தில் வேலையே ஓடவில்லை. இயந்திரங்களைப் பராமரிக்கும் முதிய தொழில்நுட்பர், என்னைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களை அதுவரை நிமிர்ந்தும் பார்க்காதவர், அன்று எங்களிடமே வந்து கேட்டார்: "ஒன்பது ஆட்டம் ஜெயித்தவரை அனுப்பிவிட்டு இவர்கள் யாரைக் கூட்டிவரப் போகிறார்கள்?" அந்தக் கேள்விக்கு விடை தெரிய ஏறத்தாழ நாற்பது நாள் ஆயிற்று. யாரைக் கொண்டுவருவது என்று முடிவு செய்யாமலே வீட்டை இடித்திருந்தார்கள்.

வந்தவர் பில் கலஹன். தொழில்முறை அணியை நடத்திவிட்டு வந்த அவர், ஆப்ஷன் ஆட்டத்தைக் கைவிட்டுப் பந்தை வீசும் முறையைக் கொண்டுவந்தார். வாக்-ஆன் திட்டமும் அவர் காலத்தில் சுருங்கியது. முதல் பருவத்திலேயே ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961க்குப் பிறகு நமக்கு முதன்முதலாகத் தோல்விப் பருவம் அமைந்தது. 35 ஆண்டுகள் இடைவிடாமல் பௌல் ஆட்டங்களுக்குப் போன வரிசை அறுந்தது. 2007இல் கான்சஸ் நம்மீது 76 புள்ளிகள் எடுத்தது. சோலிச்சோ ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே 16 பருவங்களில் 115 வெற்றிகளைச் சேர்த்து, தம் கூட்டமைப்பின் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளராக ஓய்வு பெற்றார்.

அடுத்து வந்த போ பெலினியின் ஏழு பருவங்களையும் நான் முழுதாகப் பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டும் ஒன்பது அல்லது பத்து வெற்றி, ஒவ்வோர் ஆண்டும் நான்கு தோல்வி. அவருடைய முன்கோபம் ஊரறிந்தது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் 2014இல் பௌல் ஆட்டத்துக்கு முன்பே, ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி என்ற நிலையில் அவரை நீக்கி, அவர் இடத்துக்கு மைக் ரைலியை நியமித்தபோது, 2003இல் நடந்ததையே அப்படியே மறுபடி செய்தீர்கள். ரைலி மூன்று பருவங்களில் 19 வென்று 19 தோற்றார். ஸ்காட் ஃபிராஸ்ட் 1997 அணியின் குவாட்டர்பேக், இந்த மண்ணின் பிள்ளை. அவர் 16 வென்று 31 தோற்றார். 2021இல் அவருடைய அணி ஒன்பது ஆட்டங்களில் தோற்றது. ஒன்றில்கூட வித்தியாசம் பத்துப் புள்ளியை எட்டவில்லை. அந்தப் பருவத்தில் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்: நான்காம் கால்பகுதியில் நம் அணி முன்னிலையில் இருந்தால்தான் கூட்டத்துக்குப் பயம் அதிகமாகும். வெல்லத் தெரியாத அணியின் அடையாளம் அது. இந்த நோய் ஒரே ஆளால் வருவதில்லை. ஒருவர் கட்டியதை அடுத்தவர் முழுவதுமாகக் கலைத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய பாடத்தை முதல் எழுத்திலிருந்து தொடங்கும் இடத்தில்தான் வரும்.

மக்கள்தொகையைக் காரணம் காட்டுபவர்கள் மாநில எல்லையைத் தாண்டிப் பார்க்க வேண்டும். அயோவாவும் நம்மைப் போன்ற வேளாண் மாநிலம்தான். அங்கும் பெரிய நகரங்களோ நட்சத்திர வீரர்களோ அதிகம் இல்லை. 1979 முதல் இன்றுவரை அயோவா பல்கலைக்கழகத்துக்கு இரண்டே பயிற்சியாளர்கள்: ஹேடன் ஃபிரை, 1999இல் அவருக்குப் பின் வந்த கர்க் ஃபெரன்ட்ஸ். ஃபெரன்ட்ஸ் பதவியேற்ற பிறகு நாம் சோலிச், கலஹன், பெலினி, ரைலி, ஃபிராஸ்ட், மேட் ரூல் என்று ஆறு பெயர்களைப் பார்த்துவிட்டோம். 2015 முதல் 2021 வரை அயோவாவிடம் தொடர்ச்சியாக ஏழு முறை தோற்றோம். அவர்கள் ஆட்டம் அழகாக இருக்கிறது என்று அயோவாக்காரர்களே சொல்ல மாட்டார்கள். என் கண்ணுக்கு அது தூக்கம் வரவழைக்கும் ஆட்டம். ஆனால் அது அவர்களுடைய ஆட்டம்.

விஸ்கான்சின் கதை இன்னும் உறைக்கும். பாரி ஆல்வரெஸ் 1960களில் பயிற்சியாளர் பாப் டிவேனியின் கீழ் நம் அணியில் ஆடியவர். 1990இல் விஸ்கான்சினுக்குப் பயிற்சியாளராகப் போனவர், உள்ளூர்ப் பையன்களைக் கொண்டு கனத்த முன்வரிசை, ஓடும் ஆட்டம், மதிப்போடு நடத்தப்படும் வாக்-ஆன்கள் என்று லிங்கனில் கற்ற பாடத்தையே அங்கே நட்டார். 2012 பிக் டென் இறுதியாட்டத்தில் அந்த விஸ்கான்சின் நம்மை 70-31 என்று அடித்தது. அன்று களத்தில் ஆடிய இரு அணிகளில் பழைய நெப்ராஸ்காவைப் போல ஆடியது அவர்கள்தான்.

இனிப் பணம். ஃபிராஸ்டின் ஒப்பந்தத்தை 2019 நவம்பரில், வெற்றியைவிடத் தோல்வி அதிகமாயிருந்த ஒரு பருவத்தின் நடுவே, மேலும் ஈராண்டுக்கு நீட்டித்தீர்கள். 2022 செப்டம்பர் 11 அன்று, ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்ற மறுநாள், அவரை நீக்கி ஏறத்தாழ 1.5 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தீர்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அதில் பாதியே போதுமானதாக இருந்திருக்கும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. மூன்று வாரப் பொறுமைக்கு 75 லட்சம் டாலர் விலை! இந்தப் பணம் வரிப்பணம் அன்று, நன்கொடையும் தொலைக்காட்சி வருவாயும்தான் என்ற பதில் எனக்குத் தெரியும். ஆனால் அரங்கைப் புதுப்பிக்கும் காலத்தில் ஓர் உள்ளூர் ஆட்டத்தின் வருவாய் போய்விடுமே என்று டென்னசியை ரத்து செய்யும் துறை, ஆத்திரத்தில் கையெழுத்திட்ட காசோலைகளுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். ரூலின் ஒப்பந்தத்தையும் 2025 அக்டோபரில், பருவம் முடியும் முன்பே, 2032 வரை நீட்டித்திருக்கிறீர்கள். அவர் நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்புபவன் நான். அதனாலேயே கேட்கிறேன்: பருவம் முடிந்து, நிதானமாக உட்கார்ந்து, காரணங்களை எழுதி வைத்துச் செய்ய வேண்டிய முடிவை ஒவ்வொரு முறையும் பதற்றத்தில் எடுப்பது ஏன்?

பதற்றத்தின் இன்னொரு முகம்தான் ஓடி ஒளிவது. இது முதல் முறையும் அன்று. 1971இல் நன்றி நவிலல் நாளன்று நாம் ஓக்லஹோமாவை 35-31 என்று வென்ற ஆட்டத்தை நூற்றாண்டின் ஆட்டம் என்பார்கள். அதன் ஐம்பதாம் ஆண்டு நினைவாக 2021இல் நார்மனில் ஆட ஒப்புக்கொண்டிருந்த ஆட்டத்திலிருந்து விலக நெப்ராஸ்கா வழி தேடியது என்ற செய்தி அந்த வசந்த காலத்தில் வெளியானபோது இங்கே பலருக்குத் தலைகுனிவாக இருந்தது. கடைசியில் ஆடினோம், 23-16 என்று தோற்றோம். அந்தப் பருவத்தில் நம் பையன்கள் தலைநிமிர்ந்து வெளியேறிய ஆட்டங்களில் அதுவும் ஒன்று. வலுவான அணியுடன் ஆடித் தோற்பது ஓர் அணியைக் கெடுத்துவிடாது. பௌலிங் கிரீனை வென்று ஆறு வெற்றி, ஆறு தோல்வி என்ற நிலைக்கு ஒரு படி ஏறுவதால் ஓர் அணி தேறிவிடவும் செய்யாது. 1997 பட்ட அணி சியாட்டிலுக்கே போய் வாஷிங்டனை 27-14 என்று வென்றுவிட்டு வந்தது. அன்றைக்கு யாரும் உள்ளூர் ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

டென்னசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 152 வெற்றிகளும் 1998 தேசியப் பட்டமும் பெற்றுத் தந்த ஃபில் ஃபுல்மரை 2008இல் அனுப்பிவிட்டு, ஓராண்டில் ஓடிப்போன லேன் கிஃபின் தொடங்கி ஒருவர் பின் ஒருவராக மாற்றி, விதிமீறல் வழக்கில் சிக்கி, நம்மைப் போலவே பத்தாண்டுக்கு மேல் தரையில் கிடந்தவர்கள் அவர்கள். 2022இல் அலபாமாவை 52-49 என்று வென்று எழுந்தார்கள். விழுந்தவர்கள் எழ முடியும் என்பதற்கான சாட்சி நம் மைதானத்துக்கே வந்து நின்றிருக்கும். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம். கூட்டமைப்புக்குள்ளேயும் சாட்சி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தோல்விக்கே பெயர்பெற்றிருந்த இண்டியானா, 2024 அக்டோபரில் நம்மை 56-7 என்று அடித்து, அந்தப் பருவத்திலேயே தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கும் போயிற்று. கடற்கரையும் இல்லை, பெருநகரமும் இல்லை, பழம்பெருமையும் இல்லை.

ரசிகர்களை யாரும் குறை சொல்ல முடியாது. 1962 நவம்பர் 3 முதல் மெமோரியல் அரங்கின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சீட்டுகள் விற்றுத் தீர்ந்துகொண்டிருக்கின்றன. 2019இல் ஒரு நெப்ராஸ்கா வீரரைக்கூடத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்காமல், அரை நூற்றாண்டுக்கு மேலான காலத்தில் முதன்முறையாக நாம் வெறுங்கையோடு நின்ற ஆண்டிலும் அந்த வரிசை அறவில்லை. 2023 ஆகஸ்டில் அதே அரங்கில் நம் பெண்கள் வாலிபால் அணி ஆடியதைப் பார்க்க 92,003 பேர் வந்தோம். (அந்த அணியை நடத்திய ஜான் குக் அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர், ஒரே வளாகத்தில் ஒரு துறை எதைச் சரியாகச் செய்கிறது என்று அடுத்த துறை எட்டிப் பார்த்தாலே போதும்.) ஆனால் விற்ற சீட்டும் நிரம்பிய இருக்கையும் ஒன்றன்று. நவம்பர்க் குளிரில், மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் மேல்தளத்தில் சிவப்பு மறைந்து அலுமினிய இருக்கை தெரியத் தொடங்குவதைக் கடந்த பத்தாண்டுகளில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் அறிக்கைகளில் அந்த இருக்கைகள் இடம்பெறுவதில்லை.

இப்போது முன்னே நிற்கும் ஆபத்து புதியது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, கல்லூரி வீரர்கள் தங்கள் பங்கைக் கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். அதற்கு ஈடாகக் கால்பந்து அணி 105 பேருக்குள் அடங்க வேண்டும். வீரர்களுக்குப் பணம் கிடைப்பது நியாயமே. அவர்களை வைத்து எல்லோரும் சம்பாதித்த காலம் போதும். ஆனால் 150 பேரைக் கொண்டு பழகிய நமக்கு 105 என்ற எண் மற்ற எவரையும்விட அதிகமாகக் கத்தி வைக்கும். ஆண்டுதோறும் வீரர்கள் அணி மாறக்கூடிய இந்தக் காலத்தில், நான்கு ஆண்டுகள் காத்திருந்து ஐந்தாம் ஆண்டில் ஆடத் தயாராக இருப்பவன், தன் மாவட்டத்தின் பெயரை மார்பில் சுமக்கும் உள்ளூர்ப் பையன்தான். விலைகொடுத்து வாங்கும் போட்டியில் ஒஹாயோ ஸ்டேட்டையும் ஆரகனையும் நம்மால் ஒருபோதும் முந்த முடியாது. அதிலேயே முழு நம்பிக்கையும் வைத்தால் 2004இல் செய்ததையே வேறு பெயரில் செய்வோம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

டென்னசியுடன் மீண்டும் பேசுங்கள். அரங்கப் பணி முடிந்த பிறகு வரும் முதல் ஈராண்டில், லிங்கனில் ஒன்று, நாக்ஸ்வில்லில் ஒன்று என்ற அதே முறையில் ஆட்டங்களை ஒப்பந்தம் செய்யுங்கள். அவர்கள் மறுத்தால் அதே தரத்தில் வேறோர் அணியுடன் செய்யுங்கள். எந்தப் பருவத்திலும் கூட்டமைப்புக்கு வெளியே குறைந்தது ஒரு வலுவான எதிரணியாவது இருக்க வேண்டும் என்பதை ஆட்சிக்குழுவின் தீர்மானமாகவே நிறைவேற்றுங்கள். இயக்குநர்கள் மாறும்போது அது மாறக்கூடாது.

பயிற்சியாளரின் ஒப்பந்த நீட்டிப்பு, பதவி நீக்கம் ஆகிய இரண்டையும் பருவம் முடிந்த பிறகே எடுப்பது என்று விதி செய்யுங்கள். ஒழுங்கு மீறல் மட்டும் விதிவிலக்காக இருக்கட்டும். ஒவ்வொரு முடிவுக்கும் எழுத்து வடிவிலான காரணமும், இழப்பீட்டுத் தொகையும், அது எந்த நிதியிலிருந்து போகிறது என்பதும் பொதுக்கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்.

105 பேர் கொண்ட அணியில் நெப்ராஸ்கா உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வருபவர்களுக்கு எத்தனை இடம் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். இந்த வரம்பால் இடம் கிடைக்காத மாணவர்கள் பயிற்சியிலும் படிப்பிலும் தொடர வழி உண்டா, அதற்கு எவ்வளவு நிதி ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2003க்குப் பிறகு எடுக்கப்பட்ட ஒவ்வொரு நியமனத்தையும் நீக்கத்தையும், துறைக்கு வெளியே உள்ளவர்களைக் கொண்டு ஆராய்ந்து, அந்த அறிக்கையை மாநில மக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். அதில் பழைய வீரர்களின், குறிப்பாக வாக்-ஆன்களாக இருந்தவர்களின் சாட்சியம் இடம்பெற வேண்டும். அடுத்த ஆட்சிக்குழுத் தேர்தலுக்கு முன் அது எங்கள் கைக்கு வர வேண்டும்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் இந்த நான்கையும் நேரில் முன்வைக்க வருகிறேன். எழுத்து மூலமான பதிலை அதற்கு முன் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
லிங்கன் வளாகத்தின் முன்னாள் மாணவன், நெப்ராஸ்கா வாக்காளன்